திருப்படியும் படிப்பகமும்

கந்த சஷ்டியின் ஆறாம் நாளன்று முருகன் ஸ்தலங்களில் சூரசம்ஹாரம் நடப்பதும், ஜனங்கள் பெருந்திரளாகக் கூடிநின்று சூரபத்மனின் தலை விழுவதைக் கண்டு ஆரவாரிப்பதும் தமிழ்நாட்டு வழக்கம். ஆனால் ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் திருத்தணியில் அந்த வைபவம் இல்லை. அதற்குப் பதிலாக அன்று மலைக்கோயிலில் கூடை கூடையாகப் பூக்களைச் சொரிந்து புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். சூரனோடு செய்த போரிலும், பின்னர் வள்ளியின்பொருட்டு வேடர்களோடு நேர்ந்த பூசலிலும் மூண்ட சினம் முற்றும் ஆறி, பெருமான் சாந்த மூர்த்தியாக எழுந்தருளிய இடம் இது என்று ஸ்தல புராணம் கூறுவதே அதற்குக் காரணம். கொதித்த மனம் அடங்குவதையே பெருமையாகக் கொண்ட ஒரு மலைக்கு, மனம் கொதித்தவர்களும் குமைந்தவர்களும் உறக்கம் கெட்டவர்களும் நெடுங்காலமாக வந்துகொண்டிருப்பதில் வியப்பு ஏதுமில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி சுமந்து முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறுகிறவர்களுள், உடம்பு நோவுக்காக நேர்ந்துகொண்டவர் எத்தனை பேர், வெளியில் சொல்ல முடியாத மன நோவுக்காக நேர்ந்துகொண்டவர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

மனம் நொந்தவனிடம் ஒரு நூலைக் கொடுத்து, அதைப் படிக்கச் செய்து அவனைத் தேற்றுவது என்பது மேல்நாட்டு வைத்திய சாஸ்திரம் அண்மையில் கண்டுபிடித்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பொது நூலகத்தின் சுயமுன்னேற்ற அலமாரி அந்தப் புதுமையின் ஒரு துண்டு என்றும் எண்ணுகிறோம். தொண்டை மண்டலத்தின் வடகோடியிலுள்ள இந்த மலையையும் அதனோடு தொடர்புடைய சில மனிதர்களையும் நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணத்தைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியதாகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதரை எடுத்துக்கொள்வோம். வாழ்க்கை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலிருந்து உயிரை விடத் துணிந்தபோது முருகன் தடுத்து ஆட்கொண்டான் என்பது அவரைப்பற்றி வழங்கும் கர்ணபரம்பரைச் செய்தி. சரித்திர ஆராய்ச்சியாளர் அதை ஏற்பதும் ஏற்காததும் ஒருபுறம் இருக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்த ஒருவர் பாட்டினால் மீண்டார் என்ற கதையைத் தமிழ் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள் என்பதே இங்கே வேண்டிய விஷயம். அவர் திருத்தணியின்மீது பாடிய திருப்புகழ்ப் பாட்டுக்கள் பல. அவற்றுள் ஒன்று நோய்களின் ஜாபிதாவாகவே அமைந்தது. இருமலையும் வாதத்தையும் நீரிழிவையும் தீராத தலைவலியையும் சோகையையும் சூலையையும், முயலகன் என்று அக்காலத்தார் அழைத்த வலிப்பு நோயையும் அடுக்கிச் சொல்லி, இவை பிறவிதோறும் தன்னை வந்து அணுகாதபடி அருள வேண்டும் என்று அது வேண்டுகிறது. வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தால் அந்தப் பாட்டை நாள்தோறும் பாராயணம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நோயாளி வெறுமே கேட்டுக்கொண்டிருப்பதில்லை. இயன்றவரையில் தானே வாய்விட்டுச் சொல்கிறான். அவ்வாறு சொல்லும்போது தன் துன்பத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, தனக்கு முன்பும் அது பலருக்கு வந்திருக்கிறது என்ற இரண்டையும் அவன் தெரிந்துகொள்கிறான். இக்காலத்து மனநல நூல்கள் முதல் அத்தியாயத்தில் செய்யும் காரியமும் ஏறக்குறைய இதுதான்.

வடலூர் இராமலிங்க அடிகள் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் சிறு பிள்ளையாக இருந்தபோது, பள்ளிப் படிப்பில் மனம் செல்லாமல் மாடியறையில் ஒரு கண்ணாடியை வைத்து வழிபட்டு, அதில் தணிகை முருகனின் காட்சியைப் பெற்றார் என்று அவர் சரித்திரம் கூறுகிறது. திருவருட்பாவின் ஐந்தாம் திருமுறை தணிகைப் பதிகங்களால் நிறைந்தது. தம் மனத்தின் அலைச்சலையும் பயத்தையும் ஏக்கத்தையும் இவ்வளவு வெளிப்படையாக எழுத்தில் வைத்தவர்கள் சென்ற நூற்றாண்டுகளில் மிகச் சிலரே.

இவையெல்லாம் ஓலையிலும் வாயிலும் வழங்கிய காலம் மாறி, அச்சுப் புத்தகமாக ஜனங்களின் கைக்கு வந்ததற்கு ஒரு கோர்ட்டு வழக்குக் காரணமாயிற்று என்பது ரசமான செய்தி. 1871ஆம் ஆண்டில் கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் வ. த. சுப்பிரமணிய பிள்ளை அலுவல் பார்த்து வந்தார். சிதம்பரம் தீக்ஷிதர்கள் தம் தரப்புக்குச் சான்றாகத் திருப்புகழ் அடிகளை எடுத்துக்காட்டியபோது, அந்தச் சந்தத்தின் அழகில் ஈடுபட்ட அவர், அதன் பிறகு ஊர் ஊராக ஓலைச்சுவடிகளைத் தேடத் தொடங்கினார். முன்சீப் பதவியை வகித்துக்கொண்டே பல ஆண்டுகள் சுவடி தேடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதற் பாகத்தையும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பாகத்தையும் அவர் அச்சிட்டார். பதினாறாயிரம் என்று வாய்மொழியாகச் சொல்லப்படும் பாட்டுக்களுள் இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறே. அவற்றையும் செல்லுக்கு இரையாகாமல் காப்பாற்றிய பெருமையில் பெரும் பங்கு அவருடையது. அவர் குமாரர் செங்கல்வராய பிள்ளை தந்தையின் பணியை மேற்கொண்டு உரையும் ஆராய்ச்சியும் எழுதினார். தமிழுலகம் அவரைத் 'தணிகைமணி' என்றே அழைத்தது.

அச்சிட்ட புத்தகம் தானாக நடந்து எவரிடமும் போய்ச் சேர்வதில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். பூர்வாசிரமத்தில் அர்த்தநாரி என்னும் பெயருடன் மைசூர் அரண்மனையில் சமையற் பணி செய்துவந்த அவரைத் தீராத வயிற்று நோய் வாட்டியது. பழனிக்குச் சென்று தங்கி நோய் நீங்கப் பெற்றவர், அங்கே ஒரு தாசியின் வாயிலாகத் திருப்புகழைக் கேட்டு உள்ளம் உருகினார். அதன் பிறகு அதுவே அவருக்கு மந்திரமும் மருந்துமாயிற்று. எழுத்தறிவு மிகுதியும் இல்லாத அவர் நடுவயதில் எழுத்துக் கூட்டிப் படித்து அப்பாடல்களைக் கற்றார் என்று அவர் சரித்திரம் அறிந்தோர் கூறுவர். நான் மிகவும் வியப்பது இந்த ஒரு செய்தியைத்தான். படிக்கத் தெரிந்தவன் நூலால் ஆறுதல் பெறுவது ஓர் அளவுக்கு எளிது. ஆறுதலைத் தேடியே ஒருவர் படிக்கக் கற்றுக்கொள்வது அபூர்வம்.

அவர் 1917ஆம் ஆண்டில் திருத்தணியில் தொடங்கிவைத்ததே இன்றுவரை நடந்துவரும் திருப்புகழ்த் திருப்படித் திருவிழா. ஆங்கில வருஷப் பிறப்பன்று துரைமார்களின் பங்களா வாசலில் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்து சலாம் போடும் வழக்கம் உத்தியோகஸ்தர்களிடையே வேரூன்றியிருந்த காலம் அது. அந்த நாளில் மேலான துரையாகிய தணிகேசனைப் போய்ப் பார்க்கலாமே என்று சொல்லி, டிசம்பர் 31ஆம் தேதி படிதோறும் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழைப் பாடிக்கொண்டு மலையேறும்படி ஜனங்களை அவர் கூட்டிச் சென்றார். படி ஒன்றுக்குப் பாட்டு ஒன்று என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூச்சு வாங்கும் இடத்தில் நின்று பாடவேண்டியிருப்பதால் ஏறுகிறவன் அவசரப்பட முடியாது. தனியாக வந்தவனும் பக்கத்தில் பாடுகிறவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டியதாகிறது. பாட்டு நினைவில்லாதவன் அருகில் உள்ளவனின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொள்கிறான். 1950ஆம் ஆண்டில் சுவாமிகள் சமாதி அடைந்த பின்பும் விழா நிற்கவில்லை.

இனித் திருத்தணியை விட்டுத் தென்மேற்கே வெகுதூரம் சென்று, கோயம்புத்தூர் சிறைக்குள் நுழைய வேண்டும். சுதேசிக் கப்பல் ஓட்டி, ராஜத்துரோகக் குற்றத்துக்காக 1908ஆம் ஆண்டில் கடுந்தண்டனை பெற்று அங்கே அடைக்கப்பட்டவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. மாட்டைப் பூட்ட வேண்டிய செக்கில் அவரைப் பூட்டி எண்ணெய் ஆட்டச் செய்தார்கள் என்பது குழந்தைகளும் அறிந்தது. அந்தச் சிறைவாசத்தினூடே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் சிறு நூல் ஒன்றை அவர் தமிழாக்கினார் என்பதும், அது 'மனம் போல வாழ்வு' என்னும் பெயருடன் 1909ஆம் ஆண்டிலேயே அச்சாயிற்று என்பதும் அவ்வளவு பரவலாகத் தெரியவில்லை. ஆலனின் மூல நூல் 1903ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆறு வருஷத்துக்குள் அது தமிழில் வந்துவிட்டது! பிறகு 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', கடைசியாக 1934ஆம் ஆண்டில் 'சாந்திக்கு மார்க்கம்' என்று அதே ஆசிரியரின் நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். இன்று நூலகங்களில் சுயமுன்னேற்றம் என்று பெயர் எழுதி வைத்திருக்கும் அலமாரிக்குத் தமிழில் மூலபுருஷர் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், வெற்றி பெற்ற வியாபாரி எவரையும் சொல்ல வேண்டியதில்லை; கப்பலை இழந்து, வக்கீல் சன்னதை இழந்து, கைதி உடையில் இருந்த ஒருவரையே சொல்ல வேண்டும்.

ஆனால் அதே குடும்பத்தில் நிகழ்ந்த இன்னொரு சம்பவத்தை மறைத்துவிட்டு இதை மட்டும் சொல்வது நியாயமாகாது. தமையனுக்கு விதித்த தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் சிதம்பரம் பிள்ளையின் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் பேதலித்தது; கடைசிவரையில் தெளியவில்லை. எண்ணம் எப்படியோ வாழ்வும் அப்படியே அமையும் என்பது ஆலனின் கொள்கை. செக்கடியில் நின்ற அண்ணனுக்கு அந்தக் கொள்கை ஊன்றுகோலாயிற்று. சித்தம் கலங்கிய தம்பியிடம் போய் அதைச் சொல்லியிருந்தால் அது கொடுமையாகவே முடிந்திருக்கும். நோயினால் எண்ணமே நிலைகுலைந்தவனைப் பார்த்து, உன் எண்ணத்தைச் செம்மைப்படுத்திக்கொள் என்பது, கால் முறிந்தவனை ஓடிக் காட்டச் சொல்வதோடு ஒக்கும். நூல் எவ்வளவு தூரம் துணை வரும், எந்த இடத்தில் வைத்தியரிடம் ஒப்புவித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்ற வரம்பை ஒரே வீட்டுக் கூடத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சரித்திரம் எனக்குத் தெரியவில்லை.

கடல் கடந்த தேசங்களிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இந்த யோசனை உருவெடுத்துக்கொண்டிருந்தது. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859ஆம் ஆண்டில் எழுதிய சுய உதவி நூல் ஆங்கிலத் தொழிலாளர் வீடுகளில் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக இருந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் குரோதர்ஸ், நோயாளிகளுக்கு மாத்திரைக்குப் பதில் புத்தகங்களை எழுதிக்கொடுக்கும் ஒரு நண்பரைக் கற்பனை செய்து வேடிக்கையாக ஒரு கட்டுரை வரைந்தார். அந்த வைத்தியத்துக்கு அவர் இட்ட பெயரே பின்னர் சாஸ்திரப் பெயராக நிலைத்துவிட்டது. வேடிக்கையை மெய்யாக்கியவர்களுள் முதன்மையானவர் ஸேடி பீட்டர்சன் டிலேனி என்னும் கறுப்பினப் பெண்மணி. முதல் உலக யுத்தத்திலிருந்து உடலும் மனமும் சிதைந்து திரும்பிய கறுப்பினச் சிப்பாய்களுக்கென்று அலபாமா மாகாணத்து டஸ்கீகியில் ஏற்பட்ட ஆஸ்பத்திரியில் 1924ஆம் ஆண்டில் நூலகராக அமர்ந்த அவர், வைத்தியர்களோடு கலந்து பேசி, இன்ன நோயாளிக்கு இன்ன புத்தகம் என்று தேர்ந்து கையில் கொடுத்தார். அலமாரியைக் காட்டிவிட்டுத் தம் நாற்காலிக்குத் திரும்பிவிடும் நூலகராக அவர் இருக்கவில்லை.

நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் நூலகத்தின் ஐந்து விதிகளை வகுத்தபோது, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகன் என்ற இரண்டையும் அவற்றுள் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனும் சிறையில் அடைபட்டவனும் வாசகர்களே என்பது அவர் கொள்கை. அவரும் அவர் சேர்ந்து அமைத்த சென்னை நூலகச் சங்கமும் ஓயாமல் முயன்றதன் பயனாக, கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. நாடு சுதந்தரம் அடைந்தபின் நூலகத்துக்கென்று இயற்றிய முதற் சட்டம் அதுவே. சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி வீதம் நூலக வரி வாங்கி, ஜில்லாதோறும் நூலக ஆணைக்குழு அமைக்க அது வகை செய்தது.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1953ஆம் ஆண்டில் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அது அந்தப் பக்கம் போயிற்று. ம. பொ. சிவஞானமும் அவர் தோழர்களும் நடத்திய வடவெல்லைக் கிளர்ச்சி, படாஸ்கரின் மத்தியஸ்தம், 1959ஆம் ஆண்டின் எல்லைத் திருத்தச் சட்டம் ஆகியவற்றைக் கடந்து, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணித் தாலுகா மீண்டும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அரசு இரண்டு முறை மாறியதே தவிர, நூலகச் சட்டம் மாறவில்லை. ஆந்திரம் தனக்கென்று நூலகச் சட்டம் செய்துகொண்டது 1960ஆம் ஆண்டிலேயே என்பதால், இடைப்பட்ட ஏழு வருஷங்களிலும் இந்த ஊருக்குப் பொருந்தி வந்தது பழைய சென்னைச் சட்டமே. எல்லைக் கல்லை எங்கே நடுவது என்று இரு மொழியாரும் சண்டையிட்ட காலத்தில், இரு மொழியாருக்கும் பொதுவாக நின்ற ஏற்பாடுகளுள் இது ஒன்று.

அந்தக் கிளர்ச்சிக்கு முன்பே இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் ஊராகச் சென்று, காசு வாங்காமல் தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரையும் மறந்துவிடக் கூடாது. எல்லைப் போராட்ட சரித்திரத்தில் அவர் பெயர் இடம்பெற்றுவிட்டது. வாசகர்களை உண்டாக்கியவர்களின் சரித்திரத்திலும் அது இடம்பெற வேண்டும்.

நூலகம் வந்தது, அதில் மனத்தைப்பற்றிய தமிழ் நூல்கள் என்ன வந்தன? கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியராகிய பெரியசாமித் தூரன் 'அடிமனம்', 'குழந்தை உள்ளம்' முதலிய நூல்களின் வாயிலாக மனோதத்துவத்தை வீட்டுப் பேச்சுக்கு அருகிலான தமிழில் விளக்கினார். தொண்டியில் பிறந்த எம். ஆர். எம். அப்துற்-றஹீம் 'வாழ்க்கையில் வெற்றி', 'கவலைப்படாதே!' முதலான நூல்களை எழுதி, மேல்நாட்டுக் கதைகளோடு கீழ்நாட்டு ஞானிகளின் சரிதங்களையும் கலந்து இளைஞர்களுக்குத் தைரியம் ஊட்டினார். அவருக்குப்பின் எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறையையே ஆட்கொண்டது. இவர்களுடைய நூல்கள் கிளை நூலகங்களில் பட்ட பாட்டைப் பார்த்தாலே அவற்றின் செல்வாக்கு விளங்கும்: முதுகு கிழிந்து, பழுப்புத் தாள் ஒட்டி மறுபடி கட்டப்பட்டு, கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் முத்திரை மேல் முத்திரையாகக் குத்தி இடமில்லாமற் போய், அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும், உள்ளே யாரோ பென்சிலால் கோடு இழுத்த வரிக்கு வேறு ஒருவர் பேனாவால் மறுபடியும் கோடு இழுத்திருப்பார். புத்தகத்தைக் கெடுத்தவர்கள் என்று அவர்களைக் கோபிக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆயினும் பிற்காலத்தில் இந்த அலமாரி வேறு வழியில் பெருத்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். முப்பது நாளில் கோடீசுவரனாவது, மற்றவர்களை வசப்படுத்துவது, தோல்வியே இல்லாமல் வாழ்வது என்று தலைப்பிலேயே அதட்டும் நூல்கள் மிகுந்தன. பரீட்சையில் தவறியவனும் வேலை போனவனும் இவற்றைப் படித்துவிட்டுத் தன்மீது இன்னும் அதிகமாகக் குறை கண்டுகொள்வானே ஒழிய, ஆறுதல் பெறமாட்டான். டூயி வகுத்த பகுப்பு முறையில் இவை 158 என்ற எண்ணில் அடங்குகின்றன. மனநோய் வைத்தியம் 616.89இல் இருக்கிறது; திருப்புகழும் அருட்பாவும் சமயம் என்ற வேறு பகுதியில் இருக்கின்றன. உறக்கம் வராமல் தவிக்கும் ஒருவன் இந்த மூன்று மூலைகளுள் எதற்குப் போவது என்று பகுப்பெண் அவனுக்குச் சொல்லாது.

வைத்தியத்தின் பக்கமும் ஒரு கண் செலுத்துவோம். சென்னையில் 1794ஆம் ஆண்டில் பித்தர் விடுதியாகத் தொடங்கி, பின்பு கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பரிகசிப்பதே நம் பேச்சு வழக்காக இருந்துவந்தது. 1961ஆம் ஆண்டில் அதன் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன், பூட்டிய கதவுகளுக்கு வெளியே நோயாளிகள் வந்துபோகக்கூடிய இடமாக அதை மாற்றப் பாடுபட்டார்; பின்னர் 1984ஆம் ஆண்டில் ஸ்கார்ப் என்னும் ஸ்தாபனத்தையும் தோற்றுவித்தார். இத்தனைக்குப் பின்பும் சிறிய ஊர்களில் மனநல வைத்தியர் அருமையாகவே இருக்கிறார். 2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களுள் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு இருப்பதாகத் தெரியவந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறாதவர்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களைக் குறைகூறுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைக்க வேண்டும். தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 நோயாளிகளை நிம்ஹான்ஸ் வைத்தியர்கள் ஆராய்ந்து, அவர்களுடைய நோயின் கடுமை ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கு குறைந்திருந்ததைக் கண்டு 2002ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சங்கிலியும் அடியும் இல்லாமல், அன்பாகத் தங்க இடம் கொடுத்ததே அங்கே நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து மாண்டதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நூலை வைத்தியத்தோடு முறையாக இணைத்த ஏற்பாடு பிரிட்டனில் தோன்றியது. வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரத்து மனோதத்துவ நிபுணர் நீல் புரூட், 2003ஆம் ஆண்டில் தம் ஊர் டாக்டர்களோடும் நூலகங்களோடும் ஓர் ஒப்பந்தம் செய்தார். மனச்சோர்வோ பதற்றமோ மிதமாக உள்ளவர்களுக்கு டாக்டர் ஒரு சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதிக்கொடுப்பார். நோயாளி அதை மருந்துக்கடைக்குப் பதில் நூலகத்துக்குக் கொண்டுபோவார். வைத்தியர்கள் பரிசோதித்துத் தேர்ந்த சில பத்து நூல்களே பட்டியலில் இருந்தன. வெற்றி முழக்க நூல்களுக்கு அங்கே இடமில்லை. இரண்டு வருஷங்களில் வேல்ஸ் முழுவதும், 2013ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் இம்முறை பரவியது. இதற்கு அடிப்படையான பரிசோதனைகள் அமெரிக்காவில் முன்பே நடந்திருந்தன. 1989ஆம் ஆண்டில் பாரஸ்ட் ஸ்கோகினும் சகாக்களும், மனச்சோர்வுற்ற முதியவர்களுக்கு டேவிட் பர்ன்ஸ் முதலியோரின் நூல்களைக் கொடுத்துப் படிக்கச் செய்து, படிக்காமல் காத்திருந்தவர்களைவிட அவர்கள் நன்கு தேறியதைக் காட்டினார்கள். அந்த முதியவர்களைப் புத்தகத்தோடு தனியே விட்டுவிடவில்லை. வாரந்தோறும் தொலைபேசியில் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். சில நிமிஷ விசாரிப்புத்தான். ஆனால் அது இருந்தது.

வள்ளிமலை சுவாமிகள் படிக்கட்டில் செய்ததும், டிலேனி அம்மையார் ஆஸ்பத்திரி வார்டில் செய்ததும், அந்தத் தொலைபேசிக்காரர் செய்ததும் ஒரே காரியம் என்பது என் அபிப்பிராயம்: நூலுக்கும் நொந்தவனுக்கும் நடுவே ஒரு மனிதர் நின்றார். நம் கிளை நூலகங்களில் இல்லாதது இந்த மனிதரே. புத்தகங்கள் இருக்கின்றன, சந்தாவும் சொற்பம். ஆனால் மனத்தைப்பற்றிய புத்தகத்தைக் கேட்டு வாங்க வெட்கப்பட்டு, அலமாரியின் மறைவில் நின்றபடியே நாலு பக்கம் புரட்டிவிட்டு, யாராவது வந்தால் போட்டித் தேர்வு நூலை எடுத்து மேலே வைத்துக்கொள்ளும் வாசகனைப் பார்த்தும் பாராதவராக நூலகர் இருந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒருவரே பூட்டைத் திறந்து, நாளிதழ் அடுக்கி, கணக்கு எழுதி, கதவையும் சாத்த வேண்டிய நூலகங்களே மிகுதி. சிறைத்துறையார் 2023ஆம் ஆண்டுச் சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று பெயரிட்டுக் கைதிகளுக்காகப் புத்தகங்கள் திரட்டியதைப் பார்த்தபோது, சிதம்பரம் பிள்ளையின் சிறை நூல்கள் அந்தக் கூடைக்குள் விழுந்தனவோ என்று நினைத்துக்கொண்டேன். கைதிகளுக்கு இயன்றது மற்றவர்களுக்கு இயலாமற் போகாது.

திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும் ஊர். தத்துவப் பேராசிரியராகி நாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் அது பெருமை கொள்கிறது. அந்தப் பெருமைக்கு ஏற்ற காரியமாக, அரசு ஆஸ்பத்திரியின் வைத்தியர்களும் நூலகரும் ஒரு மாலை கூடி அமர்ந்து, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் குடிப்பழக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் படிக்கத்தக்க எளிய நூல்கள் பத்தையேனும் தமிழிலும் தெலுங்கிலும் தேர்ந்து, தனியே ஒரு தட்டில் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்தி நூல் விரும்புவோருக்குத் திருப்புகழும் அருட்பாவும் அதே தட்டில் இருக்கலாம். அதனால் வைத்தியத்துக்குக் குறைவில்லை. எந்தக் குறிகள் கண்டால் புத்தகத்தை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் போகவேண்டும் என்பதை ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு நூலின் முன்னட்டையிலும் ஒட்டிவிட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கத்தக்க மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து நடந்துவருகிறது. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அதன் எண் 14416. அந்த எண்ணைத் தட்டின் நெற்றியில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க ஆணைக்குழுவின் அனுமதிகூட வேண்டியதில்லை. ஒரு பேனா போதும்.